மடித்து வைத்த வரி

சித்தப்பாவின் இடது கழுத்தில், காதுமடலுக்குச் சற்றுக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட்டபோது எங்கள் வீட்டில் யாரும் பதறவில்லை. “நெறி கட்டியிருக்கு, கடைவாய்ப் பல்லு சொத்தையா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, சித்தி மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து இளஞ்சூட்டில் பற்றுப் போட்டார். கட்டி வலிக்கவில்லை, காய்ச்சல் இல்லை, சோறு இறங்குவதிலும் சிரமம் இல்லை. சயான் கோலிவாடாவில் நாங்கள் நெடுநாளாகப் பார்க்கும் மருத்துவர் ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். அதற்கும் கரையாததைக் கண்டதும், மும்பையில் கழுத்துக் கட்டி என்றவுடன் எந்த மருத்துவருக்கும் தோன்றும் டிபி சந்தேகம் அவருக்கும் தோன்றியது. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை என்று நாட்கள் போயின. கடைசியில் ஊசி வைத்துக் கட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோதுதான் அதில் புற்றணுக்கள் இருப்பது தெரிந்தது. அதன் பிறப்பிடம் கழுத்து அன்று, இடது டான்சில். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால், வலதுபக்கத்தைவிட இடதுபக்கம் சற்றுப் பருத்திருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. அவ்வளவு சிறிய இடத்தில் தொடங்கி, பெரும்பாலும் கழுத்து நெறியாகத்தான் வீட்டாருக்கு முதலில் தெரியவரும் என்பது இந்த வகைப் புற்றின் சுபாவம் என்று பிறகு அறிந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் புற்றுநோய் புதிதல்ல. பரேலில் டாடா நினைவு மருத்துவமனை 1941இல் திறக்கப்பட்டது. அன்று முதல் ஊரிலிருந்து வருகிற நோயாளிகளுக்கு மும்பைத் தமிழர் வீடுகளில் ஏதாவது ஒரு மூலையில் பாய் விரிக்கப்பட்டுத்தான் வருகிறது. தாராவியிலும் கோலிவாடாவிலும் உள்ள திருநெல்வேலிக் குடும்பங்களில் அப்படி ஒருவரையாவது தங்கவைக்காத வீடு குறைவு. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு சித்தப்பாவுடையது. வடாலாவில் லாரி கம்பெனிக் கணக்குப்பிள்ளையாக இருந்த அவர், விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களை அழைத்துப் போவார், சீட்டு எழுதுவார், இந்தியில் பேசுவார். வருபவர்களில் பாதிக்கு மேல் நாக்கிலும் கன்னத்திலும் ஆறாத புண்ணோடு வந்தவர்கள். “பொகையில போடுவீகளா?” என்பதுதான் சித்தப்பா அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி. ஆம் என்று பதில் வந்தால், அன்று இரவு அவர்கள் உறங்கிய பிறகு, “தானாத் தேடிக்கிட்டது” என்று சித்தியிடம் சொல்வார். அவர் கல்நெஞ்சர் அல்லர். அடுத்த நாள் காலை அதே மனிதருக்காக ஐந்து மணிக்கு வரிசையில் போய் நிற்பார். ஆனாலும் அந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் இருந்ததில்லை. கல்யாணப் பந்தி முடிந்து தாம்பூலம் வந்தால்கூட வெற்றிலையைத் தொடாத மனிதர் அவர்.

ஆகவே, தனக்கே வந்தபோது அவர் குலைந்துபோனார். அவரை நாங்கள் காட்டியது வேறொரு மருத்துவமனையில். அங்கே புகையிலை, குட்கா, பீடி, மது என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அரை மணி நேரம் கழித்து வேறொருவர் வந்து அதையே கேட்டார். மூன்றாவது முறை கேட்கப்பட்டபோது சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. சாட்சி சொல்ல ஆள் தேடுகிற பார்வை அது.

திசுப் பரிசோதனை அறிக்கையை வாங்கப் போனது நான் மட்டும்தான். திரும்பி வரும்போது டாக்சியில் பிரித்துப் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் “பி16: பாசிட்டிவ்” என்று ஒரு வரியும், அதன் கீழே மனிதப் பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்பிவி, சார்ந்த புற்றாக இருக்கலாம் என்ற குறிப்பும் இருந்தன. அந்தப் பெயரை நான் அறிவேன். என் மகளுக்குத் தடுப்பூசி போடும்படி குழந்தை மருத்துவர் சொல்லியிருந்தார். பெண்களின் கருப்பைவாய்ப் புற்றோடு மட்டுமே நான் இணைத்து வைத்திருந்த ஒரு வைரஸ், 57 வயது ஆணின் தொண்டையில் எப்படி வந்தது என்று கைப்பேசியில் தேடினேன். சயான் வருவதற்குள் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாம் பக்கத்தை முதல் பக்கத்துக்குள் மடித்துக் கோப்பில் வைத்தேன். வீட்டுக்குப் போய், “ஏதோ வைரஸாம், சளிக் காய்ச்சல் மாதிரி யாருக்கு வேணும்னாலும் வருமாம்” என்று சொன்னேன். சித்தப்பாவின் முகம் தெளிந்ததைக் கண்டு, நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பழுப்பு நிறச் சாயம்

நான் மறைத்த அந்த வரிக்குள் என்ன இருந்தது என்பதை இங்கே முழுவதுமாகச் சொல்லிவிட வேண்டும். எச்பிவி என்பது ஒரே வைரஸ் அன்று. 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட ஒரு பெருங்குடும்பம். கையில் வரும் மருவும் அந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினரால் வருவதுதான். புற்றை உண்டாக்கக்கூடியவை அவற்றுள் சில மட்டுமே. அவற்றில் முதன்மையானது 16ஆம் எண். ஜெர்மனியின் ஹரால்ட் ஸுர் ஹாசன் கருப்பைவாய்ப் புற்றில் அதை 1983இல் கண்டறிந்தார்; அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். தொண்டைப் புற்றில் அதற்குள்ள பங்கை 2000இல் மாரா கிலிசன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு உறுதியான சான்றுகளோடு முன்வைத்தது. எச்பிவியால் வரும் தொண்டைப் புற்றுகளில் பத்துக்கு ஒன்பது இந்த 16ஆம் வகையின் வேலை. அவை பெரும்பாலும் இரண்டே இடங்களில் வருகின்றன: டான்சில், அடிநாக்கு. டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பாகத் தெரிந்தாலும், உள்நோக்கி மடிந்த ஆழமான குழிகள் அதில் நிறைய உண்டு. அந்தக் குழிகளின் அடியில் உள்ள உயிரணுக்களில்தான் வைரஸ் தங்குகிறது.

தங்கிய வைரஸ் இரண்டு புரதங்களைச் சுரக்கிறது. ஈ6 என்பது, பழுதான அணுவைத் தானாகவே மடியச் செய்யும் காவலாளியான பி53 என்னும் புரதத்தை அழிக்கிறது. ஈ7 என்பது, அணு கண்டபடி பெருகாமல் பிடித்து நிறுத்தும் ஆர்பி என்னும் கடிவாளத்தை அறுக்கிறது. கடிவாளம் அறுந்ததை உணர்ந்த உடல், பெருக்கத்தை நிறுத்தச் சொல்லும் தன்னுடைய பி16 புரதத்தை மேலும் மேலும் சுரக்கிறது. கேட்பதற்குத்தான் அங்கே எதுவும் இல்லை. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் சாயம் ஏற்றும்போது அந்தப் பி16 பழுப்பு நிறமாகத் தெரிகிறது. நூற்றுக்கு எழுபது அணுக்களாவது அழுத்தமான பழுப்பாக இருந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். ஆகவே பி16 என்பது வைரஸ் அன்று; வைரஸ் புகுந்த வீட்டின் கூக்குரல். எச்பிவி சார்ந்த தொண்டைப் புற்று மேலை நாடுகளைவிடக் குறைவாகவும், புகையிலையால் வருவது மிகுதியாகவும் உள்ள நம் நாட்டில், அந்தக் கூக்குரலை மட்டும் நம்பாமல் வைரஸையும் நேரடியாகத் தேடிப் பார்ப்பது நல்லது. சித்தப்பாவுக்கு அதையும் செய்தார்கள்; 16ஆம் வகை இருந்தது.

புகையிலைக் கேள்வியை மூன்று முறை கேட்டதன் காரணமும் எனக்குப் பிறகு விளங்கியது. 2010இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், எச்பிவி சார்ந்த தொண்டைப் புற்று உள்ளவர்களில் 82.4 சதவீதத்தினர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தனர். எச்பிவி இல்லாதவர்களில் 57.1 சதவீதத்தினரே இருந்தனர். அந்த வேறுபாடு அவ்வளவு பெரியதாக இருந்ததால்தான், 2018 முதல் இந்த வகைக்கு நோயின் நிலையைக் கணக்கிடும் முறையையே தனியாக்கினார்கள். ஆனால் அதே ஆய்வில், பல ஆண்டுகள் புகைத்தவர்களுக்கு அந்த நல்வாய்ப்பு குறைந்திருந்தது. எனவே எங்களைக் கேட்டவர்கள் சித்தப்பாவின் ஒழுக்கத்தை விசாரிக்கவில்லை, பிழைப்பதற்கான வாய்ப்பைக் கணித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்கும்போதே சொல்லியிருந்தால் அவர் அப்படிக் கூனிக்குறுகியிருக்க வேண்டியதில்லை.

இரண்டு பாதிகள்

சிகிச்சை ஏழு வாரம்: வாரத்தில் ஐந்து நாளாக 35 முறை கதிர்வீச்சு, வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து. தலை அசையாமல் இருக்க, வெந்நீரில் இளக்கிய வலைப் பிளாஸ்டிக்கை முகத்தின் மேல் அழுத்தி ஒரு முகக்கவசம் செய்வார்கள். சிகிச்சை முடிந்து வெகுநேரமாகியும் அந்த வலையின் தடம் சித்தப்பாவின் நெற்றியில் இருக்கும். மூன்றாம் வாரத்தில் நாக்கின் சுவை போனது. நான்காம் வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்து, ஸ்பூனால்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பேச முடியாததால், பழைய கணக்கு நோட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டியதை எழுதிக் காட்டுவார்.

அந்த நான்காம் வாரத்தில் சித்தியிடம் ஏதோ மாறியிருப்பதைக் கவனித்தேன். கஞ்சியைக் காய்ச்சுவார், வடிகட்டுவார். ஆனால் அதுவரை பக்கத்தில் அமர்ந்து ஊட்டியவர், கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவார். முன்னறையில் அவர் அருகே படுத்தவர், உள்ளறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். அடுக்களை ஜன்னல் மேடையில், மற்ற பாத்திரங்களோடு சேராமல், ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு நாள் சித்தப்பா நோட்டை என் பக்கம் திருப்பினார். “வாய் நாறுதுன்னு அவளுக்கு அருவருப்பு. ஒண்ணும் சொல்லாதே” என்று எழுதியிருந்தார்.

நடந்தது என்ன என்பதை மெல்ல மெல்லச் சித்தியிடமிருந்து பெற்றேன். ஒரு நாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கோப்பைப் புரட்டிய இளம் பணியாளர் ஒருவர், என்ன வைரஸ் என்று சித்தி கேட்டதற்கு, “உடலுறவால் பரவுவது” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் சொன்னதிலும், யாருக்கும் வரலாம் என்பது பொய் இல்லை. வழியை விட்டுவிட்டு வைரஸை மட்டும் நான் சொன்னேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வழியை மட்டும் அவர் சொன்னார். இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில் சித்தி ஒன்பது நாள் தனியாக இருந்தார். முப்பது ஆண்டு வாழ்ந்த கணவரைச் சந்தேகிக்கிறார் என்று நான் முடிவு செய்தேன். தனியே கவிழ்த்து வைக்கப்பட்டவை சித்தப்பாவின் தட்டும் டம்ளரும் என்று முடிவு செய்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்திருந்தால், விளிம்பில் பொறித்திருந்த பெயர் தெரிந்திருக்கும்.

கதவைச் சாத்தச் சொன்ன நாள்

வாராந்திரப் பரிசோதனை நாளில், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நாங்கள் எழுந்தபோது சித்தி மட்டும் எழவில்லை. முப்பது ஆண்டு மும்பை வாழ்க்கையில் பழகிய இந்தியில், “டாக்டர், ஒன்று கேட்க வேண்டும், இவரும் இருக்கட்டும்” என்றார். அந்தப் பெண் மருத்துவர் எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தார். நர்சிடம் கதவைச் சாத்தச் சொன்னார். வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. சித்தி தன் கைகளைப் பார்த்தபடி கேட்டார்: “இது என்னிடமிருந்து அவருக்குப் போயிருக்குமா?”

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பல ஆண்டுகள் வெள்ளைப்படுதலால் அவதிப்பட்டதையும், வெட்கப்பட்டு யாரிடமும் காட்டாமல் விட்டதையும், அந்த நோய்தான் கணவரின் தொண்டைக்கு ஏறிவிட்டதாகத் தாழ்வாரத்து வாக்கியத்தைக் கேட்ட அன்றே தீர்மானித்துக்கொண்டதையும் சித்தி சொன்னார். இருக்கிற புண்ணில் மேலும் தொற்றிவிடக் கூடாதென்று விலகிப் படுத்ததையும், தன் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்ததையும் சொன்னார். சித்தப்பா நோட்டில் எதுவும் எழுதவில்லை. அவருடைய கை சித்தியின் முழங்கையைப் பிடித்திருந்தது. மருத்துவர் பேசி முடிக்கும்வரை விடவில்லை.

மருத்துவர் ஏறக்குறைய பத்து நிமிடம் பேசினார். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் டான்சிலை வரைந்தார். இல்லறத்தில் ஈடுபடும் மனிதர்களில் ஏறக்குறைய எல்லோரையுமே இந்த வைரஸ் ஏதோ ஒரு வயதில் தொட்டுச் செல்கிறது. பெரும்பாலானோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானே விரட்டிவிடுகிறது. மிகச் சிலருக்கு மட்டும் அது தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்லக்கூடிய சோதனை எதுவும் உலகத்தில் இல்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்தவர்களுக்கும் இது வந்திருக்கிறது. ஆகவே இதை வைத்து யாருடைய நடத்தையையும் யாரும் அளக்க முடியாது. வெள்ளைப்படுதலுக்குக் காரணங்கள் வேறு. அது இதற்குச் சான்றாகாது. தட்டாலும் டம்ளராலும் இது பரவாது; பக்கத்தில் படுப்பதால் அவருக்குத் தீங்கு இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: “உங்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்?”

சித்திக்கு 51 வயது. ஒரு முறைகூடச் செய்ததில்லை. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒரு முறை அதைச் செய்துகொள்ள வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. கணவருக்கு இந்த நோய் வராவிட்டாலும் செய்திருக்க வேண்டியதுதான். தொண்டைக்கு அப்படி முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை இன்னும் இல்லை, கருப்பைவாய்க்கு இருக்கிறது. நான் அந்த வரியை மடித்து வைத்தபோது, சித்தியிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்வியையும் சேர்த்து மடித்து வைத்துவிட்டேன். குடும்ப அமைதிக்காக மறைத்ததாக நான் நினைத்தது, ஒரு பெண் பரிசோதனை செய்துகொள்ளாமல் போவதற்குக் காரணமாகியிருக்கும். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இந்த எண்ணம்தான். இரண்டு ஆண்டுகளாகியும் அது என்னை விடவில்லை.

சித்தியின் சோதனையில் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது. சித்தப்பாவின் கழுத்துக் கட்டி கரைந்தது. உமிழ்நீர் முன்போலச் சுரக்காததால் எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலோடு போகிறார். இட்லியை ரசத்தில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார். நான் என் 12 வயது மகனைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போய், மகளுக்குப் போட்ட அதே தடுப்பூசியை அவனுக்கும் போடச் சொன்னேன். கருப்பைவாய்த் தடுப்பூசி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டதால், பையனுக்கு எதற்கு என்று என் மாமியார் கேட்டார். புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்து 2023இல் விற்பனைக்கு வந்த செர்வாவாக் என்னும் இந்தத் தடுப்பூசி, பெயரிலேயே கருப்பைவாயை (ஆங்கிலத்தில் செர்விக்ஸ்) சுமந்தாலும், ஆண்களுக்கும் ஒப்புதல் பெற்றதுதான். வந்த தொற்றை அது போக்காது; வருமுன் போட்டால்தான் பயன். அதனால்தான் ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசியாகப் போடுகிறார்கள். அமெரிக்காவில் இன்று எச்பிவியால் வரும் தொண்டைப் புற்று, கருப்பைவாய்ப் புற்றை எண்ணிக்கையில் முந்திவிட்டது. அதில் பெரும்பகுதி ஆண்களுக்கு வருவது. நம் நாட்டில் ஆண்டுக்கு 1,43,000க்கும் மேற்பட்டோருக்கு வரும் வாய்ப் புற்றுக்குப் பெருங்காரணம் இன்னும் புகையிலையும் பாக்கும்தான் என்பதையும், அந்தப் போராட்டம் இதனால் சிறிதும் குறையக் கூடாது என்பதையும் மாமியாருக்குச் சொன்னேன். வைரஸ் எந்த வழியாக வருகிறது என்பதையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டாவது ஊசி எந்த மாதம் என்று கேட்டார்.

ஊரிலிருந்து நோயாளிகள் வருவது நிற்கவில்லை. போன மாதம் சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒருவர் மனைவியோடு வந்து எங்கள் முன்னறையில் தங்கினார். கன்னத்தில் புண், முப்பது ஆண்டுப் புகையிலைப் பழக்கம். சித்தப்பா அவருடைய கோப்பை வாங்கி, தேதி வாரியாக அடுக்கி, சீட்டுகளைக் குத்திக் கொடுத்தார். இரவு அவர்கள் படுத்த பிறகு அடுக்களையில் அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். காலையில் எத்தனை மணிக்கு வரிசை தொடங்கும் என்று மட்டும் சித்தியிடம் கேட்டுக்கொண்டார். மறுநாள் அந்த மனைவி, சித்தப்பாவின் கழுத்தில் கருத்திருந்த தோலைப் பார்த்துவிட்டு, இவருக்கும் புகையிலையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சித்தி அடுப்பைத் தணித்துவிட்டு, மணையை அவர் பக்கம் நகர்த்தினார். “இல்லம்மா. இவருக்கு வந்தது ஒரு வைரஸால. உட்காருங்க, முழுசாச் சொல்றேன்” என்றார்.